அரிகேசவநல்லூர் ஃபீடர்

ஆறு அங்குலத் தொலைநோக்கி.
பைக் விற்கிறவன் மாதிரி ‘சிங்கிள் ஓனர்’ என்று போட்டிருந்தான்.
சனியின் வளையம் தெரியுமாம்.
ஊர்: கோயம்புத்தூர், பீளமேடு.
ஏலம் முடிய நாலு நாள் இருந்தது.
எட்டாயிரம் கேட்டேன்.

ஏழாவது நிமிடம் எட்டாயிரத்து நூறு.
பெயர் மறைத்த ஆள்:
முதலில் ஒரு க, நடுவில் புள்ளிகள், கடைசியில் ஏழு.
நான் ஏறினால் அவன் நூறு ஏறுவான்.
நான் சும்மா இருந்தால் அவனும்
என்னோடு சேர்ந்து சும்மா இருப்பான்.

சப்ஸ்டேஷனில் எனக்கு
ரிலே விழுந்தால் காரணம் எழுதுகிற வேலை.
காரணமில்லாமல் எதுவும் விழாது,
ஏறவும் ஏறாது.
தோண்டினேன்.

க-ஏழு இதுவரை கேட்ட ஏலம் முப்பத்தொன்று.
முப்பத்தொன்றும் இந்த ஒரே ஆளின் சரக்கு.
ஜெயித்தது நாலு.
அந்த நாலும் அடுத்த வாரமே
அதே மேசை, அதே பச்சைத் துண்டின் மேல்
மறுபடி விலைக்கு உட்கார்ந்திருந்தன.
பாராட்டியவர்கள் ஒன்பது பேர், ஒன்பது ஊர்.
ஒன்பது பேருமே ‘தரமாண பொருள்’ என்று
மூணு சுழி போட்டிருந்தார்கள்.
எல்லாருக்கும் ஒரே வாத்தியார் போல.

‘இன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து
ஒரு போட்டோ அனுப்புங்க’ என்றேன்.
‘எங்க ஏரியாவுக்குப் பேப்பர் வராது மேடம்.’
பீளமேட்டில்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.
பதினேழு வருஷம் ராத்திரி ஷிப்ட்.
வீரவநல்லூர் யார்டில் டிரான்ஸ்பார்மர்களுக்கு மேலே
தினமும் அது நிற்கிறது, வளையத்தோடு.
எனக்கு மட்டும் வெறும் புள்ளி.

கடைசி நாள். பத்து மணிக்கு முடிவு.
விலை பதினாலாயிரத்து முந்நூறு.
மலையிலிருந்து காற்று இறங்கிவிட்டது.
ஒன்பது நாற்பத்தொன்றுக்கு அலாரம்.
அரிகேசவநல்லூர் ஃபீடர் விழுந்தது.
வயர்மேன் முப்பிடாதி டார்ச்சோடு போனான்.

பதினாலாயிரத்து நானூறு கேட்டேன்.
‘கண்ணாடியில் கீறல் உண்டா?’ என்றும் அனுப்பினேன்.
ஒரு நிமிடத்தில் பதில் சொல்லுகிறவன்
சொல்லவில்லை.
ஏழு நிமிடத்தில் ஏறுகிறவன்
ஏறவில்லை.
பத்து நிமிடம். பதிமூன்று.

ஒன்பது ஐம்பத்தாறுக்கு முப்பிடாதி கூப்பிட்டான்.
‘தென்னமட்டைதான், இழுத்துப் போட்டாச்சு.
அங்க ஒரு புள்ளி சிக்னல் இல்ல மேடம்,
பேசுததுக்கு மெயின்ரோடு வர வந்தேன்.
லைனப் போடுங்க.’

அந்த டவருக்கும் அதே ஃபீடர்தான்.
பேட்டரி செத்து ஆறு மாசம்,
என் நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.
கோயம்புத்தூரில் அன்று காற்றுகூட இல்லை.

கைப்பிடி என் கையில்.
நாலு நிமிடம் தாமதித்தால் போதும்.
ஈரத்தில் ஒருமுறை நிற்காமல் விழுந்தது என்று
ஒரு வரி எழுதினால் யாரும் கேட்கப்போவதில்லை.
அந்த லைனில் எண்ணூறு வீடு,
ஒரு ஐஸ் கம்பெனி,
மூச்சு மிஷினோடு படுத்திருக்கிற சுடலைமுத்து சார்.
போட்டேன்.
9.56 என்று எழுதினேன்.

9.58: க-ஏழு, பதினாலாயிரத்து ஐந்நூறு.
9.58: ‘கீறலே கிடையாது மேடம்.’

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு
ஆயில் டெம்பரேச்சர் பார்க்கப் போனேன்.

காலையில் செய்தி வந்திருந்தது.
‘ஜெயிச்சவர் பின்வாங்கிட்டார்.
உங்க விலைக்கே தாரேன்.
ஏலத்துக்கு வெளிய, நேரா என் நம்பருக்குப் பணம் போட்ருங்க.’

பீளமேட்டில் யார் ‘தாரேன்’ என்கிறார்கள்?

பதில் அனுப்பினேன்:
‘திங்கக்கிழமை உங்க லைன்ல பராமரிப்பு.
காலை ஒன்பதுலருந்து ரெண்டு வரை கரண்ட் இருக்காது.
போட்டோ எதுவும் ஏத்தணும்னா
முன்னாடியே ஏத்திக்கிடுங்க.
— உலகம்மாள், சப்ஸ்டேஷன்.’

ரெண்டு டிக்கும் நீலமாகின.
பதில் வரவில்லை.
இந்தத் தடவை கரண்ட் இருந்தது.